வைகைக் கரைக்கு வழி மட்டும் காட்டுங்கள்

மதுரை, சிவகங்கை மாவட்டங்களின் சுற்றுலாப் பணிகளைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

மதுரைக்கு வருகிற வெளியூர்க்காரர்களின் பயணம் எப்படிப் போகும் என்பது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். காலையில் மீனாட்சி அம்மன் கோயில், பகலில் நாயக்கர் மகால், நேரமிருந்தால் திருப்பரங்குன்றமோ அழகர்கோவிலோ, ராத்திரி ஒரு ஜிகர்தண்டா. மறுநாள் விடிந்ததும் கொடைக்கானலுக்கோ ராமேஸ்வரத்துக்கோ வண்டி ஏறிவிடுகிறார்கள். கொடைக்கானல் வண்டி வாடிப்பட்டியைத் தாண்டும் இடத்திலிருந்து தெற்கே பத்து கிலோமீட்டருக்குள் வைகை ஓடுகிறது. ராமேஸ்வரம் ரயில் சிலைமானில் தொடங்கி திருப்புவனம், திருப்பாச்சேத்தி, மானாமதுரை என்று ஆற்றங்கரை ஊர்கள் வழியாகவே போகிறது. வண்டிக்குள் இருப்பவர்களுக்கு இதைச் சொல்வாரில்லை.

வைகையைச் சுற்றுலாத் தலமாக்க வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. எழும்போதெல்லாம் படகுக் குழாம், பூங்கா, நீரூற்று, செல்ஃபி எடுக்க மேடை என்றுதான் யோசனைகள் வரிசை கட்டுகின்றன. தென்கரையில் குடியிருப்பவன் என்ற முறையில் நான் கேட்பது அதற்கு நேர்மாறானது. ஆற்றங்கரையில் புதிதாக எதையும் கட்டாதீர்கள். பார்க்க வேண்டியது எல்லாம் அங்கே ஏற்கெனவே இருக்கிறது. அங்கே போய்ச்சேர வழி காட்டுங்கள், போனவர்கள் நிம்மதியாக நாலு மணி நேரம் இருந்துவிட்டுத் திரும்ப ஏற்பாடு செய்யுங்கள். இவ்வளவுதான் என் கோரிக்கை. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

வருசநாட்டு மலையில் பிறந்து 258 கிலோமீட்டர் ஓடுகிற வைகையில், அணைப்பட்டி தொடங்கி மேலக்கால் வரைக்குமான துண்டுதான் மதுரைக்குப் பக்கத்தில் இன்னும் ஆறாகவே இருக்கிற பகுதி. அணைப்பட்டி ஆஞ்சநேயர் கோயில் ஆற்றங்கரையிலேயே நிற்கிறது. அதற்குப் பக்கத்தில் மேட்டுப்பட்டிச் சித்தர்மலை. மலையில் சமணர் படுக்கைகளும் ஈராயிரம் ஆண்டுப் பழமையான தமிழி எழுத்துக் கல்வெட்டுகளும் இருக்கின்றன. அங்கிருந்து கிழக்கே வந்தால் தென்கரையில் குருவித்துறை, மன்னாடிமங்கலம், முள்ளிப்பள்ளம், தென்கரை என்ற பேரிலேயே ஓர் ஊர். பாலத்தைத் தாண்டினால் வடகரையில் சோழவந்தான், திருவேடகம். இரண்டு பக்கமும் நெல்லும் வாழையும் தென்னையும் வெற்றிலையும். மதுரையிலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம் தூரத்தில் இப்படி ஒரு பச்சைப் பள்ளத்தாக்கு இருப்பது மதுரைக்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது என்பது என் பெரிய ஆதங்கம்.

இந்தப் பச்சைக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. மழை பொய்த்தால் வறண்டுவிடும் ஆறு இது. மேற்கே பாய்ந்துகொண்டிருந்த பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, அந்தத் தண்ணீரைக் கம்பம் பள்ளத்தாக்கு வழியாக வைகையில் சேர்த்தார்கள். பென்னிகுயிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895இல் திறக்கப்பட்டது. 1959இல் ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் வைகை அணை வந்தது. அங்கிருந்து திறக்கிற தண்ணீர் பேரணைக்கு வந்து, பெரியாறு பிரதானக் கால்வாயில் பிரிந்து, கள்ளந்திரி வரைக்கும் 45,041 ஏக்கரை இருபோகமாக்குகிறது. அதில் வாடிப்பட்டி வட்டத்தில் மட்டும் 16,452 ஏக்கர். கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டது என்ற சேதி கிடைத்ததும் இந்த ஊர்களின் முகமே மாறிவிடும். டிராக்டர்காரர் கையில் பிடிபடமாட்டார். நாற்றங்காலுக்கு விதை தெளித்தாகிவிட்டதா என்பதுதான் டீக்கடையில் முதல் கேள்வி. பள்ளத்தாக்கைப் பார்க்க வருகிறவர் அந்த நாட்களில் வரவேண்டும். ஆனால் தண்ணீர் எப்போது திறக்கிறார்கள் என்பது விவசாயிக்கு அறிவிப்பாகப் போகிறது, பயணிக்குப் போவதில்லை. மழைக்காலத்தில் குற்றாலம் எப்போது ‘சீசன்’ என்று ஊருக்கே தெரிகிறதே, பேரணையில் தண்ணீர் வந்ததும் அதே மாதிரி தெரியவேண்டாமா? நீர்வளத்துறைக்காரர்கள் வெளியிடும் அந்த ஒரு வரிச் செய்தியை உங்கள் பக்கத்திலும் போட்டால் போதும், ஒரு பைசா செலவில்லை.

சோழவந்தானைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஊரின் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மதுரை மல்லிக்கு 2013லேயே கிடைத்துவிட்டது. மல்லியை எல்லாருக்கும் தெரியும், வெற்றிலை எங்கே விளைகிறது என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. கொடிக்கால் என்கிற வெற்றிலைத் தோட்டத்துக்குள் ஒருமுறை போய்வந்தவர் அதை மறக்கமாட்டார். வெளியே வெயில் கொளுத்தும்போதும் உள்ளே ஈரக்காற்று. அகத்தி மரங்கள் ஒல்லி ஒல்லியாக வரிசையாக நிற்க, ஒவ்வொன்றிலும் கொடி சுற்றி ஏறியிருக்கும். பாத்திக்குப் பாத்தி நடுவே வாய்க்கால், அதில் எப்போதும் ஈரம் இருக்கவேண்டும். கொடி உச்சிக்கு ஏறிவிட்டால் அதை இறக்கி, வளையமாகச் சுருட்டி, அடியில் மண்ணுக்குள் புதைத்து, நுனியை மட்டும் மறுபடி ஏற்றிக் கட்டுகிறார்கள். அந்த வேலைக்கு இப்போது ஆள் கிடைப்பது அரிது. பறித்த வெற்றிலை ஈரச் சாக்கின் மேல் குவிந்திருக்கும். அதைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் பெண்கள் காம்பை ஒரு பக்கமாக வைத்து, கிழிசலை ஒதுக்கி, பேசிக்கொண்டே அடுக்குவார்கள். பேச்சு ஒரு பக்கம் ஓடினாலும் எண்ணிக்கை தவறாது. நூறு சேர்ந்தால் ஒரு கவுளி, வாழைநாரில் ஒரு கட்டு.

இதைப் பார்க்க யாராவது வந்தால் கொடிக்கால்காரர் விரட்டமாட்டார். “உள்ள வாங்க, செருப்பை மட்டும் வெளியில விட்டுருங்க” என்பார். கொடிக்காலுக்குள் செருப்போடு போவது எங்கள் ஊரில் வழக்கமில்லை. இந்த ஒரு விஷயத்தைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் வந்து, கொடிகளுக்கு நடுவே நின்று படமெடுத்து, இலையைப் பிய்த்துப் போட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை, யாராவது முன்னமே சொல்லியிருந்தால் அப்படிச் செய்திருக்கமாட்டார்கள். போகிறவர்கள் ஒரு கவுளி வாங்கிக்கொண்டு போனால் அன்றைக்குக் கூலியில் ஒரு பங்கு அது. நுழைவுக் கட்டணம், டிக்கெட் கவுன்டர் எல்லாம் கொடிக்காலுக்குத் தேவையில்லை.

கோயில்களுக்கு வருகிறேன். திருவேடகத்தில் ஞானசம்பந்தர் இட்ட ஏடு வைகை வெள்ளத்தை எதிர்த்து ஏறி வந்து கரை சேர்ந்தது என்பது தலவரலாறு, அதை இன்றும் விழாவாக எடுக்கிறார்கள். குருவித்துறைப் பெருமாள் கோயிலில் குருபகவான் தனிச் சந்நிதியில் இருக்கிறார். குருப்பெயர்ச்சி அன்று ஆற்றங்கரையில் நிற்க இடமிருக்காது, சிறப்புப் பேருந்துகளும் உண்டு. மற்ற நாட்களில் அதே கோயிலுக்குப் போக ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் நிற்க வேண்டும். தென்கரை மூலநாதர் கோயிலில் பாண்டியர் கல்வெட்டுகள் இருக்கின்றன. சோழவந்தானில் ஜெனகை மாரியம்மனுக்கு வைகாசியில் திருவிழா, ஜெனக நாராயணப் பெருமாளுக்கு அக்ரகாரத்தை ஒட்டிக் கோயில்.

இங்கெல்லாம் பகல் பன்னிரண்டு வாக்கில் நடை சாத்திவிடுவார்கள், சாயங்காலம்தான் மறுபடி திறப்பார்கள். மதுரையில் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு சாவகாசமாகக் கிளம்புகிற குடும்பம் சரியாக நடை சாத்தும் நேரத்துக்கு வந்து நிற்கிறது. மூடிய கதவுக்கு முன்னால் படியில் உட்கார்ந்து, வாங்கிய பூவைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். காலை ஆறரைக்குள் மதுரையை விட்டுக் கிளம்ப வேண்டும் என்ற யோசனையை எந்தக் கையேடும் சொல்வதாகத் தெரியவில்லை. விடுதி வரவேற்பறையில் ஒரு தாள் வைத்தால் போதும்.

மதுரைக்குக் கிழக்கே நிலைமை கொஞ்சம் வேறு. கீழடி காரணமாக இப்போது கூட்டம் வருகிறது. 2023 மார்ச்சில் அருங்காட்சியகம் திறந்த பிறகு பள்ளிப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வருகிறார்கள், பார்க்கவே மனசு நிறைகிறது. வைகைக் கரையில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் நெய்தார்கள், பானை செய்தார்கள், பேரெழுதி வைத்தார்கள், தூர தேசத்து மணிகளை வாங்கினார்கள் என்று கண்ணாடிப் பெட்டிக்குள் காட்டுகிறோம். அதே பிள்ளைகளை அதே பஸ்ஸில் இன்னும் கொஞ்ச தூரம் கூட்டிப்போனால், அதே ஆற்றங்கரையில் இன்றைக்கும் பானை செய்கிறவர்களையும் சந்தை கூட்டுகிறவர்களையும் நேரில் பார்க்கலாம். பஸ் கீழடியிலேயே திரும்பிவிடுகிறது.

திருப்புவனத்தில் செவ்வாய்க்கிழமை ஆட்டுச் சந்தை. விடிவதற்கு முன்பே மினி லாரிகளும் சரக்கு ஆட்டோக்களும் வந்து இறங்கிவிடும். ராமநாதபுரம், விருதுநகர் பக்கமிருந்தெல்லாம் வெள்ளாடும் செம்மறியும் வரும், கூடவே நாட்டுக்கோழியும் சேவலும். சந்தையில் ஆட்டை ஆடு என்று யாரும் எண்ணமாட்டார்கள், உருப்படிக் கணக்குதான். வாங்க வருகிறவர் முதலில் பேசுவதே இல்லை. ஆட்டின் வயதறிய வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். பிறகு இடுப்புக்கு மேலே முதுகெலும்பை இரண்டு விரலால் அழுத்திப் பார்ப்பார். சதை எலும்பை மூடியிருக்கிறதா, எத்தனை கிலோ கறி தேறும் என்பதைத் தராசு இல்லாமல் அந்த விரல்கள் சொல்லிவிடும். “ரெண்டு பல்லுதாண்ணே, கையை வச்சுப் பாருங்க” என்று விற்கிறவர் சொல்லும்போதே வாங்குகிறவர் முடிவுக்கு வந்திருப்பார். நடுவில் தரகர் வந்து இருவர் கையையும் சேர்த்துப் பிடித்து, விடாமல் பேசிப் பேசி ஒரு தொகைக்குக் கொண்டுவருவார். பொங்கல், தீபாவளி, பக்ரீத் வாரங்களில் சந்தைத் திடல் தாங்காமல் ரோட்டுக்கு வந்துவிடும். காலை எட்டரை ஒன்பது மணிக்கெல்லாம் திடலில் புழுக்கையும் வைக்கோலும்தான் மிச்சம்.

இதற்கு ஈடான காட்சியை எந்தப் பூங்காவிலும் கட்டிவைக்க முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். மனிதர்கள் பிழைப்புக்காகச் செய்கிற காரியம் அது, பார்ப்பவருக்காக நடப்பதில்லை. அதனால் சந்தையை அழகுபடுத்தவும் வேண்டாம். தரையில் சகதி இல்லாமல் இருந்தால், குடிதண்ணீர்க் குழாய் இருந்தால், ஆடு கொண்டுவருகிற அப்பத்தாக்கள் உட்கார ஒரு நிழல் இருந்தால் வியாபாரிக்கும் பார்வையாளருக்கும் சேர்த்தே நல்லது. சுங்கம் வசூலிக்கிற சந்தையில் இதையெல்லாம் எதிர்பார்ப்பது அதிகமில்லை.

சந்தை முடிந்ததும் நேரே புஷ்பவனேஸ்வரர் கோயிலுக்குப் போய்விடலாம். அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடிய தலம். ஆற்று மணலெல்லாம் லிங்கமாகத் தெரிந்ததால் காலால் மிதிக்க மனமின்றி மறுகரையில் நின்றே பாடினார்கள் என்பது நம்பிக்கை. அந்த மணல் இப்போது எங்கே போயிற்று என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாணலும் சீமைக்கருவேலமும் மண்டிய ஆற்றைக் காட்டி அந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது தொண்டை அடைக்கிறது.

இன்னும் கிழக்கே போனால் திருப்பாச்சேத்தி, அரிவாளுக்குப் பேர் போனது. அப்புறம் மானாமதுரை. அங்கே கடம் செய்கிறவர்களைப் பாருங்கள். சமையல் பானை செய்கிற கை வேறு, கடம் செய்கிற கை வேறு. சக்கரத்திலிருந்து எடுத்த பிறகு உள்ளே ஒரு கையால் உருண்டைக் கல்லை அண்டக் கொடுத்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டிச் சுவரை ஒரே கனத்துக்குக் கொண்டுவருகிறார்கள். ஒரு இடம் மெலிந்தால் சுருதி கெட்டுவிடும். மானாமதுரை மண்பாண்டத்துக்கும் 2023இல் புவிசார் குறியீடு வந்தது. சான்றிதழ் வந்த அளவுக்கு வாங்குகிறவர்கள் வரவில்லை.

இனி குறைகள். சென்ற கோடையில் சென்னையிலிருந்து வந்த என் மதினியையும் அவர் பிள்ளைகளையும் ஆற்றங்கரை ஊர்களைக் காட்டக் கூட்டிப்போனேன். ஒரு ஊரின் பேருந்து நிலையத்தில் கழிப்பறைக்குப் பூட்டுப் போட்டிருந்தது, சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. அடுத்த ஊரில் கதவே இல்லை. மதினி காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காமலே வந்திருக்கிறார் என்பது எனக்கு மத்தியானத்துக்கு மேல்தான் தெரிந்தது. வெயிலில் தலை சுற்றி ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். அந்த வீட்டம்மா உள்ளே கூட்டிப்போய், முகம் கழுவ வைத்து, மோர் கொடுத்தார். அந்த அம்மாவின் மனசுக்கு நன்றி. ஆனால் பயணிகள் வீட்டுத் திண்ணைகளை நம்பி ஊர் சுற்ற முடியாது. பெண்கள் தைரியமாக நுழையக்கூடிய, தண்ணீரும் விளக்கும் உள்ள ஒரு கழிப்பறை ஒவ்வொரு சந்தை ஊரிலும் இருக்கவேண்டும். நுழைவாயில் வளைவுக்கு ஒதுக்குகிற பணத்தை முதலில் இதற்கு ஒதுக்குங்கள். அதைப் பெருக்கிக் கழுவ நிரந்தரமாக ஒரு ஆளையும், அந்த ஆளுக்கு மாதம் தவறாத சம்பளத்தையும் சேர்த்து ஒதுக்குங்கள். கட்டுவதோடு விட்டால் ஆறு மாதத்தில் மறுபடி பூட்டுதான்.

அடுத்தது பஸ். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021இலிருந்து கட்டணமில்லை. தென்கரைப் பெண்கள் பூவும் காயும் வெற்றிலையும் கொண்டுபோக அதுதான் கைகொடுக்கிறது. வெளியூர்ப் பெண்களும் அதில் ஏறி வரலாம். ஆனால் தென்கரை வழியாகப் போகிற பஸ்களின் நேரம் ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் எங்களுக்கும்தான் தெரியும், எங்கும் எழுதிவைக்கப்படவில்லை. மதுரையிலிருந்து மேலக்கால், தென்கரை, முள்ளிப்பள்ளம் வழியாகக் குருவித்துறை வரை காலையில் ஒரு பஸ், அதே வழியில் மத்தியானம் திரும்ப ஒரு பஸ், சனி ஞாயிறுகளிலாவது நேரம் தவறாமல் ஓடினால் கார் இல்லாதவர்களும் வந்துபோகலாம். கார்கள் குறைவாக வந்தால் எங்களுக்கும் நல்லது. எங்கள் சாலையில் இரண்டு கார் எதிரெதிரே வந்தால் ஒன்று வரப்பில் இறங்கவேண்டும்.

ஆற்றில் குளிக்கிறவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மணல் அள்ளிய குழிகள் தண்ணீருக்குள் தெரியாது. முழங்கால் அளவு என்று நினைத்து இறங்குகிற பிள்ளை அடுத்த அடியில் மூழ்கும். எந்தப் படித்துறையில் இறங்கலாம், எங்கே கூடாது என்பது உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும், அவர்களைக் கேட்டு எச்சரிக்கைப் பலகை வையுங்கள். சுற்றுலா வளர்க்கிறோம் என்று அழைத்துவிட்டு இதைச் செய்யாமல் விட்டால் அந்தப் பழி நம் எல்லாருக்கும் சேரும்.

‘புதிதாகக் கட்டாதீர்கள்’ என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் மதுரை நகரத்துக்குள் இருக்கிறது. அங்கே வைகையின் இரண்டு கரையிலும் கான்கிரீட் சுவரும் சாலையும் எழுந்துவிட்டன. போக்குவரத்துக்கு அது உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் ஆற்றில் இறங்கிக் கால் நனைக்க அங்கே இப்போது யாருக்கும் தோன்றுவதில்லை. சாக்கடையும் ஆகாயத்தாமரையும் அப்படியேதான் இருக்கின்றன. சோழவந்தான் பக்கத்துக் கரையில் மண்ணும் மரமும் படித்துறையும் மிச்சமிருக்கின்றன. மருதமும் புங்கையும் நிற்கிற கரையை வெட்டி டைல்ஸ் பதித்த நடைபாதை போட்டால், பார்க்க வருகிறவருக்கு நாம் காட்ட நினைத்ததையே அழித்துவிட்டு அழைக்கிறோம் என்றாகும்.

சித்திரைத் திருவிழாவைப் பற்றி ஒரு யோசனை. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க லட்சக்கணக்கில் மதுரையில் கூடுகிறார்கள், அதற்காக வைகை அணையிலிருந்து தண்ணீரும் திறந்துவிடுகிறார்கள். திருமலை நாயக்கர் காலத்துக்கு முன்பு அழகர் தேனூரில்தான் ஆற்றில் இறங்கினார் என்பது எங்கள் வட்டாரத்தில் வழிவழியாகச் சொல்லப்படுவது, வண்டியூரில் இருக்கிற தேனூர் மண்டபம் அந்த உறவை இன்னும் நினைவில் வைத்திருக்கிறது. அதே சித்திரா பௌர்ணமியை ஒட்டி சோழவந்தானில் ஜெனக நாராயணப் பெருமாள் கள்ளழகர் திருக்கோலத்தில் ஆற்றில் இறங்குகிறார். மானாமதுரையில் வீரஅழகர், பரமக்குடியில் சுந்தரராஜப் பெருமாள். ஒரே ஆறு, ஒரே திருவிழா, நாலு ஊர். நெரிசலுக்குப் பயந்து மதுரைக்கு வராமல் இருக்கிற முதியவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் சோழவந்தானிலோ மானாமதுரையிலோ கிட்டத்தில் நின்று கும்பிடலாம் என்று ஒரு வார்த்தை உங்கள் அறிவிப்பில் சேர்த்தால் எத்தனை பேருக்கு உதவும்! மதுரையின் நெரிசலும் கொஞ்சம் குறையும்.

நான் கேட்கிற எதற்கும் பெரிய திட்ட அறிக்கையோ அடிக்கல் நாட்டு விழாவோ வேண்டியதில்லை. எந்த ஊரில் எந்தக் கிழமை சந்தை, எந்தக் கோயில் எத்தனை மணிக்குத் திறக்கும், தென்கரைப் பஸ் எப்போது, எங்கே குளிக்கலாம், கொடிக்காலைப் பார்க்க யாரைக் கேட்க வேண்டும் என்கிற விவரங்களை ஊர் ஊராகப் போய் எழுதிக்கொண்டு வந்து கொடுக்க எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தயாராக இருக்கிறார்கள். கல்லூரியில் படிக்கிறவர்கள், வண்டி வைத்திருப்பவர்கள், வீடு வீடாக ஆள் தெரிந்தவர்கள். உங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் ஒரு செவ்வாய்க்கிழமை விடிகாலை திருப்புவனம் சந்தைக்கும், வேறொரு நாள் காலை சோழவந்தானுக்கும் வந்தால் கூடவே இருந்து எல்லாவற்றையும் காட்டுவோம். தேதியை மட்டும் நீங்கள் சொல்லுங்கள்.

மிக்க மரியாதையுடன்,
தென்கரைவாசி ஒருவன்
சோழவந்தான் அருகில், மதுரை மாவட்டம்